பிரேக் மிதிக்க ஒரு ஆள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். ஆனால் தெருவில் போய் அப்படி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஆமைக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும்.

அந்தப் பேருக்குக் காரணம் அவர் மனைவிதான். கடைக்கு வருகிற வயசான டாக்டர் ஒருவர், வீட்டைக் காலி செய்துகொண்டு பிள்ளையிடம் போகும்போது, தோட்டத்தில் கிடந்த பழைய இங்கிலாந்துக் காரை "எடுத்துட்டுப் போய்யா, உனக்குத்தான் பிரிச்சு மாட்டுற பைத்தியமாச்சே" என்று இவருக்குக் கொடுத்துவிட்டார். தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி, டெம்போவில் அது வந்து இறங்கிய அன்றைக்கு மனைவி வாசலில் நின்று பார்த்தாள். தரையோடு தரையாக, முதுகு மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தது.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்வாங்க. நீங்க என்னடான்னா விலாசம் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

இறக்க வந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் காதிலும் விழுந்தது. அப்புறம் என்ன, வண்டி ஆமை ஆயிற்று, இவர் ஆமைக்காரர் ஆனார். அதிலிருந்து தையல்காரர் காலையில் பல் தேய்க்கும்போது மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்னண்ணே, ஆமை முட்டை போட்டுச்சா?" என்று கேட்காத நாள் கிடையாது.

முன்னால் நீள மூக்கு, பின்னால் வெட்டிவிட்ட மாதிரி ஒரு வால், கூரை இல்லை, உட்கார இரண்டே இடம். அந்த இரண்டு இடத்திலும் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, கடை முடிந்து வந்த கையோடு அதற்குள் போய்விடுவார். ஆரம்பத்திலேயே ஒரு சங்கடம். அவரிடம் இருந்த ஸ்பேனர் ஒன்றுகூட அந்த நட்டுகளுக்குச் சேரவில்லை. வண்டியில் எல்லாம் அங்குல அளவு, இவரிடம் இருந்தவை மில்லிமீட்டர். பெரியது வழுக்கியது, சின்னது ஏறவில்லை. பழைய இரும்புக் கடைகளில் தேடித் தேடி ஒவ்வொன்றாகச் சேர்த்தார். சக்கரங்கள் சைக்கிள் மாதிரி கம்பி வைத்தவை. ஒவ்வொரு கம்பியையும் பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தார். லென்ஸ் தேய்த்த கை, அதற்கு அவசரம் தெரியாது.

வேலை வளர வளர வீட்டுக்குள் வேறொன்று குறைந்துகொண்டே வந்தது. முதலில் மனைவி டீயைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து கையிலேயே கொடுப்பாள். நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். கொஞ்ச நாளில் டம்ளர் கொட்டகை வாசலில் ஒரு செங்கல் மேல் வந்து உட்கார்ந்தது. பிறகு சமையல்கட்டு ஜன்னலிலிருந்து "டீ" என்று ஒரு குரல் மட்டும். பிறகு அதுவும் இல்லை. பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு டிவிக்கு முன்னால் போய்விடுவாள். எப்போது எது மாறியது என்று அவருக்குத் தெரியாது. அவர் காருக்கு அடியில் இருந்தார்.

சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது உண்டு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பிய பிறகு, ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்த பேச்சையும் அவள் சேர்த்து எடுத்துக்கொண்டு போன மாதிரி ஆகிவிட்டது. பல்பு போச்சு, கேஸ் வந்துச்சு, தண்ணி நின்னுச்சு. இவ்வளவுதான் குடித்தனத்தின் பேச்சு. ஆண்டவன் மனுஷனுக்கு வாயைக் கொடுத்தது எதற்கு என்று தெரியாமலே நம்மில் பாதிப் பேர் போய்ச் சேர்கிறோம்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள். மகள் வந்து இருக்கச் சொல்கிறாளாம். மாசக் கடைசியில் போகிறாளாம்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

"நாள் கணக்கெல்லாம் இல்ல."

அவர் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். போகாதே என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. அதற்கு மேல் வர அதற்குப் பழக்கம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்து அவர் போட்ட கணக்கு இதுதான்: அவள் போவதற்குள் வண்டியை ஓட வைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊரைச் சுற்றி வந்துவிட்டால் போதும், இத்தனை நாள் எதற்காக அடியிலேயே கிடந்தேன் என்று அவளுக்குப் புரியும், புரிந்தால் போக மாட்டாள். சின்னப் பிள்ளைக் கணக்குதான். ஆனால் தனியாக இருக்கிறவன் போடுகிற கணக்கைச் சரிபார்க்க ஆள் ஏது?

எஞ்சினை ஏற்கெனவே ஓட வைத்தாயிற்று. சீட்டுத் தையல் முடிந்தாயிற்று. பெயிண்டும் அடித்தாயிற்று. பாக்கி பிரேக் ஒன்றுதான். அதில்தான் வந்து மாட்டிக்கொண்டார்.

பிரேக் என்பது எண்ணெயில் நடக்கிற வேலை. மிதியிலிருந்து நாலு சக்கரத்துக்கும் மெல்லிய குழாயில் ஆயில் போகிறது. அந்தக் குழாயில் துளிக் காற்று தங்கினாலும் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை எடுக்க வேண்டுமென்றால் ஒருவர் மேலே உட்கார்ந்து மிதியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து சக்கரத்தின் உள்பக்கம் இருக்கிற குட்டி நட்டைத் திறக்க வேண்டும். ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வரும். நட்டை மூடின பிறகுதான் மேலே இருக்கிறவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அமுக்கு, பிடி, விடு. இத்தனை வேலையையும் தன்னந்தனியாகச் செய்து முடித்த மனுஷனுக்கு இது ஒன்றுக்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

சீட்டுக்கும் மிதிக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தார். நட்டைத் திறந்ததும் மிதி இறங்கியது, கட்டை சாய்ந்தது, காற்று உள்ளே போனது. மதிலைத் தட்டித் தையல்காரரைக் கூப்பிட்டார். அவரும் சந்தோஷமாக வந்து ஏறி உட்கார்ந்தார். ஆனால் ஆயுசு முழுக்க மெஷின் மிதித்த கால் அது. அமுக்கு என்றால் அமுக்கும், பிடி என்றால் நிற்காது. அது பாட்டுக்கு டக்கு டக்கென்று மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. "நான் பிடிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன், கால்தான் கேக்க மாட்டேங்குது" என்றார். இருந்த காற்றோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்ததுதான் மிச்சம். "இன்னொரு நிமிஷம் விட்டிருந்தா ஒரு சட்டையே தைச்சிருப்பீங்க" என்று அவரை அனுப்பி வைத்தார்.

அதற்கு மேல் அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

சமையல்கட்டு வாசலில் போய் நின்றார். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை. ஒரு கிளாஸை எடுத்துக் கீழே வைத்தார். 

"கொஞ்ச நேரம் உன் கால் வேணும்."

"எதுக்கு, விழுறதுக்கா? இந்த வயசுல எழுந்திரிக்க முடியாது, பாத்துக்குங்க."

சிரிக்காமல்தான் சொன்னாள். இருந்தாலும் அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்தப் பள்ளத்துக்குள் இறங்குகிற மாதிரி வண்டிக்குள் இறங்கினாள். அந்த வண்டியில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. தைத்து வைத்திருந்த சீட்டை அவள் விரல் ஒரு தடவை தடவிப் பார்த்ததை அவர் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

வண்டி நாலு முட்டுக்கட்டை மேல் தூக்கி நின்றது. அவர் பின் சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கிருந்து அவளைத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் வாயால் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவைத்தார்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

நட்டைத் திறந்தார். பாட்டிலில் குமிழ் வந்தது. மூடினார். "விடு" என்றார். "விட்டுட்டேன்" என்றாள். திரும்ப, அமுக்கு. அவள் கால் தையல்காரர் கால் இல்லை. சொன்னால் நின்றது. ஒரு சக்கரம் முடிந்து அடுத்த சக்கரத்துக்கு ஊர்ந்து போனார். இத்தனை வார்த்தை அவர்களுக்குள் எப்போது போய் வந்தது என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. குமிழ் நின்ற பிறகும் ஒன்றிரண்டு தடவை கூடுதலாகவே அமுக்கச் சொன்னார், சத்தியமாக அது வண்டிக்காக இல்லை.

நாலாவது சக்கரமும் முடிந்தது. படுத்தபடியே கேட்டார்.

"இப்ப பிடிக்குதா?"

மேலே மிதி ஒரு தடவை இறங்கி ஏறியது. அப்புறம் சொன்னாள், "பிடிக்கலை."

எங்கேயோ காற்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி முதல் சக்கரத்துக்குப் போனார். நாலையும் சுற்றி வந்தார். ஒரு குமிழ் இல்லை. தெளிந்த ஆயில் மட்டும் வந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் பிடிக்கலை என்றாள். ஆயில் டப்பா அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இதென்ன சோதனை என்று "அமுக்கிப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. அடுத்ததைச் சுற்றினார். அதுவும் கல் மாதிரி நின்றது.

"நல்லாத்தானே பிடிக்குது?" என்றார்.

அவள் முன் கண்ணாடி வழியாகக் கொட்டகைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பிரேக்கைச் சொல்லலை."

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. ஸ்பேனரோடு நின்றார்.

"நீங்க பிரேக்கைத்தான் கேக்குறீங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். பிடிக்குதான்னு இந்த வீட்டுல என்னை யார் கேட்டா? ஏதோ ஒண்ணுக்குக் கேட்டீங்க, இதையும் சொல்லி வெப்போமேன்னு சொன்னேன்."

அவர் வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன பிடிக்கலை என்று கேட்டார். கேட்டபோது குரல் அவருக்கே புதுசாக இருந்தது.

கோபம் இல்லாமல் சொன்னாள். சாயங்காலம் ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்கும், அதை வைத்துத்தான் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது தெரியும் என்றாள். மனுஷன் இல்லை, சத்தம்தான் தன்னோடு குடித்தனம் நடத்துகிறது என்றாள். டிவியில் யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டால் இவள் பதில் சொல்லியிருக்கிறாளாம். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாளாம். மகள் வீட்டில் வேலை அதிகம்தான், ஆனால் பேச ஆள் இருக்கிறது. வண்டி மேல் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அழகாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னாள். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

"போகாதேன்னு சொன்னா இருப்பியா?"

"சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "கால் கடுக்குது. விடவா?"

அப்போதுதான் அவர் பார்த்தார். அவள் இவ்வளவு நேரமும் மிதியை அமுக்கிப் பிடித்தபடியே இருந்தாள். அவர் இன்னும் சொல்லவில்லை அல்லவா, அதனால்.

இப்போதாவது சொல்லலாம். போகாதே என்பது பெரிய வார்த்தை இல்லை. ஆனால் இவ்வளவையும் கேட்ட பிறகு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவளுடைய கால் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விடு" என்றார்.

போகிற நாளில் ஸ்டேஷனுக்குத் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். இதிலயா என்று கேட்டாள். இதிலதான் என்றார். சரி என்றாள்.

அன்றைக்குக் காலையில் தெருவே வந்து நின்றது. அவள் தன் பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். சீட்டுக்குப் பின்னால் அதை நெடுக்கில் வைத்துப் பார்த்தார், குறுக்கில் வைத்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். அந்த வண்டியைச் செய்த புண்ணியவான் பெண்டாட்டியை ஊருக்கு அனுப்புவதை நினைத்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. தையல்காரர் ஆட்டோ பிடித்து வரட்டுமா என்றார். அவள் பெட்டியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போய், அதைக் கூடத்தில் விட்டுவிட்டு, ஒரு துணிப்பையில் நாலைந்து துணி எடுத்துக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பெட்டியைப் பார்சல்ல போடட்டுமா?"

"இருக்கட்டும்."

அவர் திரும்பக் கேட்கப் போனார். வண்டியை எடுங்க, நேரமாச்சு என்றாள்.

வழியில் பேச முடியவில்லை. கூரை இல்லாத வண்டி, காற்று வார்த்தையை வாயிலேயே பறித்துக்கொண்டு போனது. ஒரு சிக்னலில் திடீரென்று சிவப்பு விழ, ஒரே அமுக்கில் கோடு தாண்டாமல் நின்றது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டேஷன் வாசலில் அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்திருக்க அவளால் முடியவில்லை. சுற்றிக்கொண்டு போய்க் கையைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேரத்துக்குச் சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். பச்சைத் துணிப்பை கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

பக்கத்து சீட் காலியாக, வந்த வழியே திரும்பினார். வண்டி நன்றாக ஓடியது. ரோட்டில் நாலு பேர் கைகாட்டினார்கள். கதவைத் திறந்து வீட்டுக்குள் போனார். பெட்டி கூடத்தின் நடுவில், அவள் விட்ட இடத்திலேயே நின்றது. சமையல்கட்டுக்குப் போக அது வழியை மறித்தது. ஓரமாகத் தள்ளி வைத்துவிடலாம், அதற்குச் சக்கரம்கூட இருந்தது. அவர் தள்ளவில்லை. சுவரோடு ஒட்டி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, சுற்றிப் போய்த் தண்ணீர் குடித்தார்.