அட்டைக்கு அடங்கிய சட்டை

எனக்குத் தையல் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவின் ஜொகூர் பாருவில், ரப்பர் எஸ்டேட் பள்ளிக்கூடங்களில் தையல் சொல்லிக்கொடுக்கப் போகிற பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்தவள், அரசாங்கக் கிளார்க்கின் மனைவி, கண்ணாடி போட்டவள். இவ்வளவும் ஒருத்தியிடம் சேர்ந்திருந்தால் அவளுக்கு ஊசி பிடிக்கத் தெரிந்திருக்கும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. அந்தக் கண்கள் கதைப் புத்தகம் படித்துக் கெட்டவையா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் வகுப்பு. பெண்கள் லாரியிலும் ரயிலிலுமாக வந்து சேர்வார்கள். எல்லோரும் தங்கள் எஸ்டேட் பள்ளியில் தற்காலிகமாக வேலை பார்ப்பவர்கள். தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் திரும்பவும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்வெட்டப் போக வேண்டியதுதான்.

வகுப்பை மேற்பார்வை செய்ய ஒரு துரைசானி இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் என் கோபம் சுலபமாகிவிடும். அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பெட்டிக்குள் அடங்கும் அளவில் அட்டைகள் இருந்தன. பெண்கள் தைக்கும் ஒவ்வொரு உடுப்பும் அந்த அட்டையில் வைத்துத் தைக்கப்பட்டு, பெட்டியில் ஏறி, மேலிடத்துக்குப் போக வேண்டும். ஆகையால் பாவாடை, சட்டை, உள்பாவாடை எல்லாமே ஒரு சாண் உயரம். துணியும் மிச்சம், பெட்டியும் ஒழுங்கு. மேசையைச் சுற்றி வரும்போது துரைசானி தமக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வருவார்: "கெச்சில், கெச்சில்!" சின்னதாக, இன்னும் சின்னதாக. அந்த உடுப்புகளைப் பூனைக்குப் போட்டிருந்தால் பூனை கோபித்துக்கொண்டிருக்கும். நான் கோபிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒருத்தி வருவாள். வாய் நீளம், தையல் கோணல். அவள் ஓரம் அடித்த துணியைப் பார்த்தால் கள்ளுக் குடித்த எறும்புகள் வரிசையாகப் போனதுபோல் இருக்கும்.

"அம்மா, இது யாருக்குங்க?" என்றாள் ஒரு நாள்.

"எது?"

"இந்தப் பாவாட. எங்க லயத்து வீடுங்கள்ல இந்தச் சைசுல இன்னும் யாரும் பொறக்கலீங்க."

வகுப்பே சிரித்தது. "கதையை விட்டிட்டு ஓரத்தைத் தையும் பிள்ளை" என்று நான் அதட்டினேன்.

தீபாவளி முடிந்து வந்தபோது அவள் உட்காரவில்லை. கையில் ஒரு மூட்டை. எஸ்டேட் துரை பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குத் துணி கொடுத்திருக்கிறார். இவள்தான் வெட்டித் தைக்க வேண்டும். இவளுக்குத் தெரிந்தது ஒரு சாண் சட்டை. அந்தச் சட்டையின் கழுத்தை நாங்கள் அகலமாக வெட்டுவோம், இல்லாவிட்டால் விரல் நுழைந்து ஓரம் மடிக்க முடியாது. பாவம், எல்லாவற்றையும் ஒரே கணக்கில் பெருக்கிவிட்டாள். பிள்ளையின் தலைவழியாகப் போட்ட சட்டை எங்கும் நிற்காமல் நேராகக் காலடியில் போய் விழுந்தது.

"தாய்மார் என்ன சொன்னவை?"

"கோழியக் கவுத்து மூடலாம், நல்ல தையலுன்னாங்க." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "கங்காணிக்கு ஒரு மச்சான், வேலையில்லாம சும்மா இருக்காருங்கம்மா. அவரப் பள்ளிக்கூடத்துல என் வேலையில போடணும்னு கங்காணி ரொம்ப நாளாப் பாக்கறாரு. 'வாராவாரம் இதுக்குத்தான் ரயிலேறிப் போறியா? சர்டிபிகேட் இல்லாம வா, அப்பறம் பேசிக்கலாம்'ங்கறாரு."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவள்மீதுதான் வந்தது; கோபமும் சோம்பேறி, பக்கத்தில் இருப்பவர்மீதுதான் முதலில் உட்காரும். பிறகு மெல்ல எழுந்து பெட்டியிடம் போனது. ஆசிரியைகளைப் பழக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு, எஸ்டேட்டில் ஒரு பிள்ளைக்குக்கூட உதவாத கைகளைப் பழக்கியிருந்தோம். அதற்கு எனக்குச் சம்பளம் வேறு.

சீனர் கடையில் காலி மாவுச் சாக்குகள் வாங்கி வந்தேன். துவைத்துக் காயவைத்தால் நல்ல பருத்தித் துணி. ஆளுக்கொரு முழுச் சட்டை, கழுத்திலிருந்து முழங்கால் வரை, உயிருள்ள ஒரு பிள்ளைக்கு, என்று சொல்லிவிட்டேன். சிம்பாங் ரெங்கத்துக்காரி தன் பள்ளியில் ஒரு சிறுமியைத் தேர்ந்தெடுத்தாள். அந்தச் சிறுமிக்கும் அவள் அக்காவுக்கும் நடுவே ஒரே சட்டை. ஒருத்தி பள்ளிக்கு வந்தால் இன்னொருத்தி வர மாட்டாள். தங்கையின் அளவைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்து வந்தாள். அவிழ்த்து அவிழ்த்துத் தைத்தாள். ஓரம் கோணல்தான், ஆனால் கழுத்து கழுத்தில் நின்றது. மாவுச் சாக்கில் அச்சடித்திருந்த, எவ்வளவு துவைத்தும் போகாத கப்பல் படம் ஒன்று முதுகில் வந்துவிட்டது.

"இருக்கட்டுங்கம்மா. வாய்ப்பாடு தெரியலன்னு அடிக்கப் போனா, ஏறித் தப்பிச்சுக்கும்."

தேர்வு நாள். நான் துரைசானிக்காகப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மற்றப் பெண்கள் உலகம் தெரிந்தவர்கள். முழுச் சட்டையோடு, மிச்சத் துணியில் ஒரு சாண் சட்டையும் தைத்து அட்டையில் ஏற்றி வைத்திருந்தார்கள். இவளிடம் மிச்சமே இல்லை. எல்லாத் துணியும் சட்டைக்குப் போய்விட்டது.

துரைசானி சட்டையை அட்டைமீது வைத்தார். மடித்தார். இன்னும் மடித்தார். பெட்டியில் வைத்து மூடியை அழுத்தினார். மூடவில்லை.

"இது அட்டையில் அடங்கவில்லையே" என்றார் ஆங்கிலத்தில், உண்மையான வருத்தத்தோடு.

"இதை ஒரு பிள்ளை போட்டுக்கொள்ளும்" என்றேன். "தேர்வு அதற்குத்தானே?"

"நான் மேலிடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அட்டைகளைத்தான் அனுப்புகிறேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தேநீர் குடித்துவிட்டு வருகிறேன். அதற்குள் அட்டையில் ஏதாவது இருந்தால் பார்க்கிறேன். அறையைவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது."

கதைகளில் கோபம் வந்த பெண்கள் என்னென்னவோ செய்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தால் மூக்கு ஒழுகும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நான் திரும்பியபோது அவள் கத்தரிக்கோலை எடுத்திருந்தாள்.

"வெட்டாதை பிள்ளை! நான் மேலிடத்துக்கு எழுதுறன்."

"எழுதுங்கம்மா. பதில் வர்ற வரைக்கும் கங்காணி மச்சான் என் நாக்காலியில உக்காந்திருப்பாரு."

"என்ர சேலையை வெட்டு."

"பட்டு வழுக்குங்க. ஊசி நிக்காது."

"எனக்கு ஆத்திரம் தாங்கேல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குக் கோவம் கட்டுப்படியாகும்மா. எனக்குக் கட்டாது. கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

தள்ளி நின்றேன். சட்டையின் கீழ்ப்பாதியை இடுப்போடு வெட்டி எடுத்தாள். கைகள் பழக்கத்தில் ஓடின. அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவள் நான். துரைசானி திரும்பி வந்தபோது அட்டையில் ஒரு சாண் சட்டை இருந்தது. "பார்த்தீர்களா, முடிகிறதே!" என்று மகிழ்ந்து தேர்ச்சி போட்டார். பெட்டி மூடிக்கொண்டது. என் முகத்தைப் பார்த்துத் தம் கைக்குட்டையை நீட்டினார். ஜலதோஷம் என்று நினைத்திருப்பார். வெட்கமில்லாமல் வாங்கித் துடைத்துக்கொண்டு "தேங்க் யூ" என்றேன். அந்த இரண்டு சொற்களுக்காக இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

ரயிலடிக்கு அவளோடு நடந்தேன். மிச்சமிருந்த மேல்பாதியைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள்.

"அந்தத் தங்கச்சிக்கு என்ன சொல்லப்போறீர்?"

"என்ன சொல்றது? அக்கா ஒரு நாள், தங்கச்சி ஒரு நாள். இன்னும் கொஞ்ச காலம் அப்படியே ஓடட்டும். மேலுக்கு இது இருக்கு, கீழுக்குச் சாக்குப் பாக்கணும். நான் அங்கதான இருப்பேன்." பிறகு, "ஏம்மா, இன்னும் மூக்கு ஒழுகுதா?" என்று கேட்டுவிட்டு ரயிலேறினாள்.

மேலிடத்துக்கு எழுதினேன், நாலு பக்கம், நல்ல ஆங்கிலத்தில். எங்கள் வகுப்பின் அட்டைகள் மிகவும் நேர்த்தியாக இருந்தன என்று பதில் வந்தது.

அடுத்த குழுவுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன்: பெட்டிக்கு ஒரு சட்டை, பிள்ளைக்கு ஒரு சட்டை. பெட்டிச் சட்டையை முதலில் முடித்துவிட வேண்டும். அதை அவர்கள் தைக்கும்போது நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.