டிக்கி மூடிக்குப் போட்ட எர்த்

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி மேம்பாலத்துக்குக் கீழே உள்ள ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் என் காரை நிறுத்தினேன். நான்கு பேர் நெருக்கி உட்காரக்கூடிய பழைய சின்னக் கார். கூரை துணியால் ஆனது, மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். திருவள்ளூரில் பல வருடம் மாவட்டச் செய்தியாளராக இருந்தவள் நான். வீடு திருநின்றவூரில். வயர்லெஸ் செட் வைத்து ஊர் ஊராகப் பேசுவது என் பொழுதுபோக்கு. அதற்கு அரசாங்கம் வைக்கும் தேர்வை எழுதி, உரிமமும் வாங்கியிருந்தேன். காரில் இரண்டு செட் பொருத்த வேண்டும் என்று எனக்கு ஆசை, பக்கத்து ஊர்களுக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முன்பு ஓர் இரும்பு ஆலையில் வெல்டிங் பிரிவில் இருந்தவர். நான் போன சமயம் தொழிற்பேட்டையின் கிரேன்களுக்கும் ஃபோர்க்லிஃப்டுகளுக்கும் ஒயரிங் செய்துகொண்டிருந்தார். காரைச் சுற்றி வந்து, துணிக்கூரையை விரலால் தட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், மேல தகரமே இல்ல. ஆன்டெனாவ எதுமேல நட்றது?" என்றார். டீ குடிக்க வந்த ஷிஃப்ட் தொழிலாளி ஒருவர், இது போலீஸ் வண்டியா ஐஸ் வண்டியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கூரை இல்லாததால் ஆன்டெனாவை டிக்கி மூடியின் விளிம்பில் பொருத்துவது என்று முடிவானது. ஆளுயரத்துக்கும் மேலான ஒரு கம்பி. பாட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, ஃபியூஸ் போட்டு, செட்டுகளை டேஷ்போர்டுக்குக் கீழே முடுக்கினார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. கிளம்பலாம் என்று நான் சாவியைக் கேட்டேன். அவர் தரவில்லை. டிக்கியைத் திறந்து கீல்களைக் காட்டினார். கீலுக்கும் மூடிக்கும் நடுவே பெயின்ட்டும் கிரீஸும் இருந்தன. மூடி காரோடு ஒட்டியிருப்பது கண்ணுக்குத்தான், கரண்டுக்கு அது தனித்தீவு, ஆன்டெனா வேலை செய்யக் காரின் மொத்த இரும்பும் அதோடு சேர வேண்டும் என்பது அவர் வாதம்.

"வெல்டிங் எர்த்த பெயின்ட்டு மேல கவ்வ வுட்டா நெருப்பு எழும்பாது மேடம். இதுவும் அப்டித்தான்."

தேர்வுக்காக நானும் இதைப் படித்தவள்தான். ஆனால் ஒரு கீலுக்காக இன்னும் ஒரு மணி நேரமா என்று சலிப்பாக இருந்தது. அவர் காதில் வாங்கவில்லை. மூடியிலும் பாடியிலும் காசளவு பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு பளபளத்த பிறகு, விரல் அகலச் செம்புப் பட்டை ஒன்றை இரண்டு திருகு போட்டு முடுக்கினார். டிக்கியை மூடிய பிறகும் அதன் ஓரம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு தோழியின் தம்பிக்குத் திருவள்ளூரில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்றார்கள். சந்தோஷமாகக் கொடுத்தேன். பூச்சரம் மாட்டிக் கிழியும் என்று ஆன்டெனாவைக் கழற்றினேன். படத்தில் விழும் என்று செம்புப் பட்டையையும் திருகுகளையும் கழற்றினேன். ஊர்வலம் முடிந்து மறுநாள் ஆன்டெனாவை மாட்டினேன். பட்டையை மாட்டவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டவள், அதன் பிறகு அதை நினைக்கவே இல்லை, காரிலிருந்து யாரோடும் பேசவும் இல்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள், ஆரணி ஆற்றை ஒட்டிய பல ஊர்களில் மின்சாரமும் செல்போனும் செத்துவிட்டன. எங்கள் வானொலி நண்பர்களில் ஒருவர், சாலை மூழ்குவதற்கு முன்பே ஓர் ஊரின் பள்ளிக்கூட முகாமுக்குத் தன் செட்டோடு போயிருந்தார். அந்த ஊரை இப்போது தண்ணீர் சுற்றி நின்றது. வெளியிலிருந்து அவரோடு பேச ஆள் வேண்டும் என்று மற்ற வானொலி நண்பர்கள் சொன்னதும் நான் காரை எடுத்தேன். நான்காம் நாள் காலை மழை விட்டிருந்தது. கும்மிடிப்பூண்டி மேம்பாலத்தின் உச்சியில், வரிசையாக நின்ற லாரிகளுக்குப் பின்னால் நிறுத்தினேன். தீயணைப்புத் துறையினர் படகோடு அங்கேதான் காத்திருந்தார்கள். எந்தப் பக்கம் முதலில் போவது என்று அவர்களுக்குத் தகவல் இல்லை.

காரைப் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து ஒருவர் ஏறி வந்தார். முழங்கால் வரை சேறு. அந்தக் கடைக்காரர்தான். கடைக்குள் தண்ணீர் என்றார், ஆனால் அவர் கவலை அதுவல்ல. மனைவிக்கு இது தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், நேற்றிலிருந்து பேச முடியவில்லை என்றார். ஊரின் பெயரைச் சொன்னார். என் நண்பர் இருந்த அதே ஊர்.

செட்டைப் போட்டேன். பக்கத்து ஊர்களுக்கான செட்டில் இரைச்சல் மட்டும்தான், குரலை வாங்கி அனுப்பும் கோபுரத்துக்கும் மின்சாரம் போயிருந்தது. தூரத்துச் செட்டில் நண்பரின் குரல் தெளிவாக வந்தது. யாராவது கேட்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொன்னேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார். இன்னும் நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தேன். என் குரல் அவருக்குப் போகவில்லை. பாட்டரி இறங்குகிறது, பத்து நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்தி வைக்கிறேன் என்று அவர் அறிவிப்பதுகூட எங்களுக்குக் கேட்டது. மீட்டர் முள் சிவப்பில் நின்றது. ஆன்டெனா ஏற்காத சக்தி திரும்பி வர, செட் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே குரலைக் குறைத்துக்கொண்டிருந்தது.

கடைக்காரர் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். கீலுக்குப் பக்கத்தில் விரலை ஓட்டினார். இரண்டு வெற்றுத் துளைகள், சுற்றிலும் மெல்லிய துரு. என்னைப் பார்த்தார்.

மாப்பிள்ளை அழைப்புக்காகக் கழற்றினேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதில்லை.

"கல்யாணத்துக்கா," என்றார். அவ்வளவுதான்.

டிக்கியில் மிச்ச ஆன்டெனா ஒயர் ஒரு சுருள் கிடந்தது. அதில் ஒரு சாண் வெட்டினார். கறுப்புத் தோலைக் கத்தியால் கீறி உரித்தார். உள்ளே வலைபோல் இருந்த செம்புப் பின்னலைப் பாம்புச் சட்டையை உருவுவதுபோல் முழுசாக உருவி, தொடையில் வைத்துத் தட்டையாக்கினார். வீட்டுச் சாவியால் துருவைச் சுரண்டினார். திருகு இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காரின் நம்பர் பிளேட்டிலிருந்து இரண்டைக் கழற்றினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இப்ப கூப்டுங்க மேடம்."

முள் இறங்கியது. மறுபடியும் அழைத்து, என் உரிமத்தில் உள்ள அழைப்புக்குறியைச் சொன்னேன். நண்பர் அதைத் திருப்பிச் சொன்னார். கடைக்காரரின் மனைவி பெயரைச் சொல்லி விசாரித்தேன். முகாமில்தான் இருக்கிறாள், விடியற்காலையிலிருந்து வலி, கூட ஒரு கிராம செவிலியர் இருக்கிறார், உடனே படகு வேண்டும் என்றார். பள்ளி மைதானத்தின் பக்கம் நீர் இழுக்கிறது, ரயில் மேட்டை ஒட்டி வரச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். தீயணைப்புத் துறையினர் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிமிடம் படகு பாலத்திலிருந்து இறங்கியது.

அப்புறம் நண்பர், இங்கே ஒருவர் பேச வேண்டுமாம் என்றார். இரைச்சலுக்கு நடுவே, மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல்.

"இன்னா, நாஷ்டா துன்னியா? கடைல தண்ணி பூந்துச்சா?"

நான் மைக்கை அவரிடம் நீட்டி, பேசும்போது எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அழுத்தினார். பத்து நொடி அவர் மூச்சு மட்டும்தான் போயிருக்கும். பிறகு, "படகு வருது. பயப்படாத. நான் துன்ட்டேன்," என்றார். அவர் முந்தின நாள் இரவிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

விபத்து, தீ, தேர்தல் என்று எத்தனையோ செய்திகளை அருகில் நின்று எழுதியிருக்கிறேன். வியந்து நின்றதாக நினைவில்லை. அன்று நின்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர். அதைத் தாண்டி ஒரு மனைவி தன் கணவன் சாப்பிட்டானா என்று கேட்கிறாள், அது வந்து சேர்ந்த வழியில் ஒரு சாண் செம்பும் இரண்டு நம்பர் பிளேட் திருகும் இருந்தன.

அன்று மதியம் அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அவர் புதுப் பட்டை போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பின்னல் இப்போது பச்சை பூத்திருக்கிறது, வேலை செய்கிறது. கல்யாணத்துக்குக் கார் கேட்பவர்களிடம், அது படத்தில் விழுந்தால் பரவாயில்லை என்றால் தருகிறேன் என்பேன்.

என் குரல் எனக்குக் கேட்பதாலேயே அது அடுத்தவரைச் சேர்ந்துவிட்டது என்று அதற்குமுன் நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் மைக்கை எடுக்கும் முன் டிக்கியைத் திறந்து, அந்த இரண்டு திருகுகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறேன்.