துளைக்கல் நீரூற்று

பூக்காரர் என்று பட்டப்பெயரே தவிர, அவர் பூ விற்றவரல்ல, கிரேன் ஓட்டுபவர். எத்தனை டன் பாரமானாலும் பூப்போல இறக்கிவைப்பார் என்பதால் வந்த பெயர். அந்தக் கைத்திறமையில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பல் டாக்டர் ஒருவர், குன்றடியில் கிடந்த பழைய கற்களைத் தன் தோட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். நான்கு புறமும் பலகைக்கல், மேலே மூடுகல், முன்கல்லில் வட்டத் துளை. மூடுகல்லைத் தூக்கியதும் உள்ளே பானைகளும் எலும்புகளும் தெரிந்தன.

"என்னங்க பண்றது?"

"கல்லு மட்டும் போதும். மத்ததைத் தள்ளிடுங்க."

பூக்காரர் மண்வெட்டியால் வாரி ஓடைப் பள்ளத்தில் கொட்டினார். துளையில் குழாய் சொருகித் தண்ணீர் கொட்டவைக்கும் யோசனையும் அவருடையதுதான். நீரூற்றின் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினார்.

அவர் மகள் வளர்ந்து அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் குன்றடியில் கணக்கெடுப்பு முடித்து, கால் நிறையப் புழுதியோடு வந்தாள்.

"வெறும் குழிதாம்மா இருக்கு. மூவாயிரம் வருஷத்துக் கல்லறை. எந்தப் புண்ணியவானோ பேத்துட்டுப் போயிட்டான்."

அம்மா பெருமையாகப் படத்தைக் காட்டினாள். "உங்கப்பாதாண்டி தூக்கிட்டு வந்தாரு. ஊரே வந்து பார்த்துச்சு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பூக்காரர் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உள்ள இருந்ததெல்லாம் எங்கேப்பா?"

"ஓடைப் பள்ளத்துல."

"மனுஷ எலும்புன்னு தெரிஞ்சுதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

"தெரிஞ்சுது" என்றார். "சின்ன மண்டையோடு ஒண்ணு இருந்துச்சு. குழந்தையோடதா இருக்கும். அதையும் சேர்த்துத்தான் வாரிப் போட்டேன்."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அப்பாவும் மகளுமாகப் பள்ளத்தைத் தேடிப் போனார்கள். அதை எப்போதோ மேடாக்கி, மேலே தார்ச்சாலை போட்டிருந்தார்கள். லாரிகள் போய்வந்துகொண்டிருந்தன.

"அறிக்கையில உங்க பேரைப் போட்டாகணும்பா."

"போடும்மா."

டாக்டர் காலமாகியிருந்தார், அவர் பிள்ளைகள் கற்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். குன்றடியில் அவற்றைத் திரும்ப நிறுத்த வேறொருவர் கிரேன் ஓட்டினார். எந்தக் கல் எந்தப் பக்கம் நின்றது என்று பூக்காரர்தான் வெயிலில் நின்று சொன்னார். மூடுகல் ஏறியதும் அருங்காட்சியக அதிகாரி வந்து கையைக் குலுக்கினார்.

"உங்களாலதான் ஐயா திரும்பக் கிடைச்சுது."

பூக்காரர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"உள்ள ஒண்ணும் இல்லீங்களே" என்றார்.