தம்பி தானாக இணைத்த ரிப்போர்ட்

மருத்துவக் காப்பீடு கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால் நிறுவனம் அதை ஏற்கலாம், நிபந்தனையோடு ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விதி அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை தாலுகா ஆபீஸில் இருந்தவன் நான். இதை எழுதியவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஏற்காமலும் மறுக்காமலும் சும்மா வைத்திருந்தால் விண்ணப்பித்தவன் என்ன செய்வது என்பதை மட்டும் அவர் எழுதாமல் விட்டுவிட்டார்.

விண்ணப்பித்தது என் தம்பி. குமுளியில் சொந்த ஜீப் ஓட்டினான். கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஏறி வருகிற பெண்களைக் காலையில் ஆனைக்கரைப் பக்கம் கொண்டுபோய் விடுவான், சாயந்திரம் திருப்பிக் கூட்டி வருவான். நடுவில் சுற்றுலாக்காரர்கள் கிடைத்தால் லாபம். முதலாளியும் அவனே, தொழிலாளியும் அவனே என்பதால் அவன் மருத்துவச் செலவுக்கு வேறு யாரும் பொறுப்பில்லை. எனக்கு ஓய்வூதியத்தோடு ஒரு காப்பீடு உண்டு. அதில் மனைவி வரலாம், தம்பி வர முடியாது. கேரள அரசின் இலவசத் திட்டத்துக்குப் போனால் ஜீப்பும் கான்கிரீட் கூரையும் சேர்ந்து அவனைப் பணக்காரனாக்கிவிட்டன. மலைக்குக் கீழே தமிழ்நாட்டுத் திட்டம் இருக்கிறது; அதற்கு அங்கே ரேஷன் கார்டு வேண்டும். கார்டைக் கம்பத்திலும் பிழைப்பைக் குமுளியிலும் வைத்துக்கொண்ட புத்திசாலிகள் இங்கே நிறைய. தம்பி இரண்டையும் மேலேயே வைத்திருந்தான்.

ஸ்டாண்டில் ஒரு டிரைவர் பித்தப்பை ஆபரேஷனுக்கு வீட்டை அடமானம் வைத்த பிறகுதான் தம்பிக்குப் பயம் வந்தது. நானும் அவனும் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பாலிசிகளை அலசினோம். மலிவானதில் ஆஸ்பத்திரி அறை வாடகைக்கு ஒரு வரம்பு. வரம்பு இல்லாததன் பிரீமியம் ஜீப்பின் இன்ஷூரன்ஸைவிட அதிகம். கடைசியில் அவனால் தாங்க முடிந்த ஒன்றைப் பிடித்தோம். எங்கள் சர்ச்சுக்கு வரும் ஒரு அம்மாதான் ஏஜென்ட். ‘ஏதேனும் நோய் உண்டா’ என்ற கேள்விக்குத் தம்பி ‘இல்லை’ என்று எழுதினான். அவனுக்குத் தெரிந்தவரை அது உண்மை.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார்.

“சாரே, தம்பி குடுத்த ரிப்போர்ட்டுல ஒரு பக்கம் கொஞ்சம் எடக்கா இருக்கு.”

“எந்த ரிப்போர்ட்?”

“தேனியில போயி எடுத்தாராமே, முழு உடம்பு செக்கப்பு. பாரத்தோட சேத்து வைக்கச் சொன்னாரு. நான் பாக்காம அப்படியே ஏத்திட்டேன்.”

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“வண்டி இன்ஷூரன்ஸ் முடிஞ்சு கெடந்தா என்னண்ணே செய்வாய்ங்க? வண்டியக் கொண்டா, பாக்கணும்பாய்ங்க. நாலு பக்கமும் போட்டோ எடுப்பாய்ங்க. எனக்கு இன்ஷூரன்ஸே இருந்ததில்ல. அதான் நாமளே முந்திக் காட்டிருவோம்னு.”

“உன்னை யாராவது கேட்டாங்களாடா?”

“கேக்குறதுக்கு முன்னாடி குடுத்தா ஒரு மதிப்பு இருக்குல்ல.”

ஜீப்பை டெஸ்டுக்குக் கொண்டுபோவதுபோல, எண்ணெய் தேய்த்துக் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு தன்னையே டெஸ்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். நடைமெஷினில் நடக்கவிட்டு எடுத்த பக்கத்தில், இதயத்துக்கு ரத்தம் போதவில்லை, மேற்கொண்டு பரிசோதிக்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே டாக்டரின் முத்திரை இருந்ததால் பாஸ் என்று நினைத்துக்கொண்டான்.

மேற்கொண்டு பரிசோதித்தோம். இரண்டு இடத்தில் அடைப்பு. தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர்.

“பதில் வரட்டும்ணே,” என்றான் தம்பி.

பதில் சாதகமாக வந்தாலும் ஏற்கெனவே தெரிந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது வருடக்கணக்கு என்று விளக்கினேன்.

“இருக்கட்டும். ஒடம்புல மத்த பாகமெல்லாம் இருக்குல்ல, அதுக்காவது கெடைக்கட்டும். இப்பப் போயி நெஞ்சக் கிழிச்சா அதையும் எழுதித் தரணும்ல?”

தரத்தான் வேண்டும். தந்தால் நிச்சயமாக மறுப்பார்கள். எந்த நோயையும் மறைக்கக் கூடாது என்று நானே சொல்லிக்கொடுத்த விதியை அவன் என்னிடமே திருப்பிச் சொன்னான்.

பதில் வரவில்லை. ஹெல்ப்லைனில் ஒரு பெண் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவள்போலக் கேட்டுவிட்டு, “பிராசஸிலாணு சார்,” என்றாள்; இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறதாம். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒப்புகை அட்டையோடு எழுதினேன். அட்டை திரும்பி வந்தது, அதிகாரியின் பதில் வரவில்லை. இணையத்தில் புகார் கொடுக்கப் போனால் முதல் கட்டத்திலேயே பாலிசி எண்ணைக் கேட்டது. பாலிசி தரவில்லை என்பதுதான் புகார். பிரீமியம் கட்டியிருந்தாலாவது பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று எழுதலாம். இவர்கள் ஒரு பைசாவும் வாங்காத யோக்கியர்கள். வேறு நிறுவனத்துக்குப் போகலாமென்றால் அவர்கள் படிவத்தில் ஒரு கேள்வி: வேறெங்காவது உங்கள் விண்ணப்பம் நிலுவையில் உள்ளதா? கோப்பை இப்படி ஊறப்போடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஊறுகிறவனின் அண்ணனாக இருப்பது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த காலம். ஒருநாள் காலை ஆனைக்கரைக்கு முன்னால் ஏற்றத்தில் தம்பி வண்டியை ஓரம் கட்டினான். பின்னாலிருந்து ஒரு பெண், “என்ன டிரைவரே, வண்டி மூச்சு வாங்குதா, நீங்க வாங்குறீங்களா?” என்று கேட்டிருக்கிறாள்.

“ரெண்டு பேரும்தான் தாயி,” என்று சொல்லி ஸ்டீரிங்கில் சாய்ந்துவிட்டான்.

அந்தப் பெண்கள்தான் இறக்கிப் படுக்கவைத்து, எதிரே வந்த வண்டியை மறித்து ஏற்றி அனுப்பினார்கள். அன்றைய கூலியை அவர்கள் இழந்தார்கள். கோட்டயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஜீப்பை விற்றுத்தான் கட்டினோம். என் சேமிப்பைத் தருகிறேன் என்றேன். “உங்களுக்கும் வயசாகுதுண்ணே,” என்றான். இனி மலை ரோட்டில் ஆள் ஏற்றி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். ஓட்ட வண்டியும் இல்லை.

பிழைத்தான். மிளகாய் பஜ்ஜிக்கடை போடலாமா என்று யோசிக்கிறான். எண்ணெய்ப் புகை ஆகாது என்கிறாள் அவன் மனைவி.

மங்கலதேவி மலைக் கோயிலுக்கு வருடத்தில் ஒரே நாள், பௌர்ணமித் திருவிழா அன்றுதான் ஜீப்புகளை விடுவார்கள். குமுளி டிரைவர்களுக்கு அன்று சோறு தின்ன நேரமிருக்காது. இந்த வருடம் தம்பி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏறிப்போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஜீப்பும் போயிற்று, புது ஆள் ஓட்ட. “செகண்ட் கியர்ல போறான் பாருங்க, கிளட்ச் போயிரும்,” என்றான். நான் பக்கத்தில் நின்றிருந்தபோது நிறுவனத்தின் பதிலை ஏஜென்ட் அம்மா போனில் அனுப்பினார். விண்ணப்பம் மறுக்கப்படுகிறது, காரணம், இதய நோய். பெயர், வயது, எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தன. பதில் வந்த நாள் சித்ரா பௌர்ணமி.