நீருக்குப் பின்னால் இல்லாத குகை

அருவியைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதுதான் அவருடைய தொழில். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "வரலாறு வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்பார்கள். முப்பது வருடமாக அதே தொப்பி, அதே ஒலிபெருக்கி, அதே வரலாறு.

முதன்முதலில் அந்த அருவியை வரைந்த ஓவியர். அந்தப் படத்தில் மயங்கி வந்து ஓட்டல் கட்டிய பணக்காரர். இரு கரைக்கும் நடுவே கயிறு கட்டி, அதன்மேல் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்ட சர்க்கஸ்காரர். தண்ணீருக்கு வண்ண விளக்குப் போட்டு மீன்களின் தூக்கத்தைக் கெடுத்த நகராட்சி. இதெல்லாம் நடந்தவை.

நடக்காத ஒன்றையும் அவர் சேர்த்திருந்தார். ஓட்டல் முதலாளி கிழவயதில் ஒரு நடனக்காரியைக் கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்த்தாராம். அவள் நீருக்குப் பின்னால் இருக்கும் குகையில் மூன்று நாள் ஒளிந்திருந்தாளாம். நான்காம் நாள் கிழவர் மனம் மாறி விட்டுவிட்டாராம். பாறையில் தெரியும் பாசித் திட்டைக் காட்டி, "அதோ, குகை வாசல்!" என்பார். கூட்டம் கைதட்டும்.

உண்மையில் அந்த நடனக்காரி கிழவரையே மணந்து, ஓட்டலின் பின்னறையில் இருமி இருமிச் செத்துப்போனாள். அதைச் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

உள்ளூரே சிரித்த அந்தப் பொய்யை நம்பியவள் ஒருத்திதான். அவருடைய மகள். தாயில்லாத அந்தப் பெண்ணைக் குழந்தையில் தோளில் போட்டு, அந்தக் கதையைச் சொல்லித்தான் அவர் தூங்கவைத்திருக்கிறார்.

அவளுக்கு இப்போது இருபது வயது. அருவி வாசலில் மழைக்கோட்டு வாடகைக்கு விடும் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவளை ஓட்டல் மேனேஜருக்கு நிச்சயம் செய்திருந்தார். மனைவியை இழந்தவர், நாற்பத்து மூன்று வயது, நல்ல மனிதர். நெஞ்சுவலி வந்து போன தகப்பனுக்கு வேறென்ன தெரியும்? தான் கண்மூடுவதற்குள் மகளை ஒரு கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். அவள் அழுததை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று காலை எட்டே முக்காலுக்கு மழைக்கோட்டுக் கடை பூட்டிக் கிடந்தது. பூட்டில் ஒரு காகிதம் செருகியிருந்தது.

"அப்பா, மூணு நாள் கழிச்சு வரேன். நடனக்காரி இருந்த இடத்துல இருக்கேன். பிஸ்கட், தண்ணி எல்லாம் எடுத்துக்கிட்டேன். மேனேஜர் சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. மாத்திரை போட மறந்துடாதீங்க."

ஐயோ!

மின்சாரத்துக்காக மேலே அணை கட்டிய நாளிலிருந்து அந்த அருவி ஆபீஸ் நேரத்துக்குத்தான் விழும். மாலையில் மதகை மூடுவார்கள். காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் அது வெறும் ஈரப்பாறை. விடியற்காலையில் அதில் இறங்கியிருக்கிறாள், இல்லாத குகையைத் தேடி!

முதல் சங்கு ஊதியது. இன்னும் பதினைந்து நிமிடம். மதகு அறைக்குப் போன் செய்தார். சங்கு ஊதியபின் அங்கே யாரும் போனை எடுக்கமாட்டார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டால் கதவு முழுதாகத் திறந்த பிறகுதான் திரும்ப மூடும். முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

மேலே மதகுக்காரர் அவருடைய மைத்துனர்தான். பேசிப் பதினாறு வருடம் ஆகிறது. இவருக்குக் கட்டிக்கொடுத்த தன் தங்கை உயிர் போன வேளையில் இந்த மனிதர் எண்பது பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை அவர் மன்னிக்கவே இல்லை.

இரண்டாவது சங்கும் ஊதிவிட்டது. மதகுக்காரரின் விரல் விசைமேல் இருந்தது.

"மச்சான்... போடாதீங்க!"

"ஓ, வரலாறா? வழி தப்பி வந்துட்டீங்களா? இன்னிக்கு என்ன புதுக் கதை?"

"பொண்ணு கீழே பாறையில இருக்கா. குகைக்குப் போயிருக்கா."

"அப்ப பத்திரமா இருப்பா. ராஜ வசதியான குகையாச்சே. நீங்கதானே தினம் சொல்றீங்க?"

"குகை இல்ல மச்சான். நான் சொன்னது பொய். அவளை நானே கொன்னுட்டேன்..." தரையில் விழுந்து மைத்துனரின் காலைப் பிடித்துக்கொண்டார்.

மதகுக்காரரின் விரல் விலகியது.

"உங்க வாயால பொய்னு சொல்லிட்டீங்களா? அப்ப விஷயம் நிஜம்தான். எந்திரிங்க மாப்பிள்ளை."

கீழே அலுவலகத்திலிருந்து போன் அலறியது. மதகுக்காரர் எடுத்து, "மோட்டார் கோளாறு. இப்ப தண்ணி வராது" என்று வைத்துவிட்டு, "வேலை போனா போகுது" என்றபடி சுவரில் தொங்கிய கயிற்றை எடுத்துக்கொண்டார்.

வழுக்கும் பாறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள். கூப்பிட்டார்கள். பதில் இல்லை. ஒரு செருப்பு கிடைத்தது. சற்றுத் தள்ளி ஒரு பிஸ்கட் பொட்டலம், கசங்கி, நனைந்து. தகப்பன் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

"அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. இங்க பாருங்க!" என்றார் மதகுக்காரர்.

பாசித் திட்டுக்குக் கீழே ஓர் இடுக்கு. அதற்குள் இடுப்புவரை இறங்கி, ஒரு கால் சிக்கி, உதடு நீலம் பாய்ந்து கிடந்தாள். முகத்தைத் தட்டத் தட்டக் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா... குகை எங்கேப்பா? ரொம்ப நேரமாத் தேடினேன்."

எத்தனை ஆயிரம் பேருக்குப் பதில் சொன்ன நாக்கு அது! அவர் குனிந்து அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார்.

கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். கணுக்கால் ஒடிந்திருந்தது. அவள் போட்ட அலறலில் பார்வை மேடையிலிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. வெறும் பாறையில் இரண்டு கிழவர்கள் ஒரு பெண்ணைச் சுமந்து வருவதைப் பார்த்து, தண்ணீர் வரும்வரை வேடிக்கை காட்டுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு, கைதட்டியது. அவருக்கு அந்தச் சத்தம் கல்லடிபோல விழுந்தது.

மாமன் முதுகில் கிடந்தபடியே அவள் கேட்டாள்: "நடனக்காரி தப்பிச்சாளா இல்லையாப்பா?"

"இல்லம்மா. கிழவனையே கட்டிக்கிட்டா. செத்தும் போயிட்டா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்மா."

"என்ன கதை சொல்லப் போறீங்க?"

"கதை இல்ல. உனக்கு இஷ்டமில்லைன்னு சொல்றேன். உன்கிட்ட நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லைன்னும் சொல்றேன்."

அவள் கையை நீட்டி, அவருடைய சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள், மாத்திரை இருக்கிறதா என்று. இல்லை.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள். "அப்பாவுக்கு மூச்சு வாங்குது."