பெஞ்சு நிறைந்த நாள்

அந்தச் சின்ன சுகாதார நிலையத்தில் பத்தொன்பது வருடமாக நர்சாக இருப்பவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் போட்டால் வலிக்காது என்பதால் வந்த பெயர். மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டாவது எட்டரைக்குக் கதவைத் திறந்துவிடுவாள். யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்கு மனப்பாடம். பதிவேட்டில் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை என்று கொஞ்சம் கர்வமும் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

போன மாதம் மேலிடத்துக் கடிதம் வந்தது. தினமும் நாற்பது பேராவது வராத நிலையங்களுக்கு இனி அரசு நிதி கிடையாது. செவ்வாய்க்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். இங்கே வருவதோ இருபத்தைந்து பேர். மூடிவிட்டால் அவர்கள் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"பெஞ்சு நிறைஞ்சிருந்தா போதும்," என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் வீட்டிலிருந்தே ஆள் திரட்டினாள். மாமியார், நாத்தனார், மாடிவீட்டுக் குடும்பம் மொத்தமும்.

"எனக்கு என்ன வியாதி?" என்றாள் மாமியார்.

"தலைவலின்னு சொல்லுங்க அத்தை."

"தலைவலியை யாரு மதிப்பா? நெஞ்சுவலியே இருக்கட்டும்."

"எனக்கு இருமல் போதும் அண்ணி," என்றாள் நாத்தனார். "அம்மா பண்ற அலட்டல்ல அதிகாரிக்கே நெஞ்சுவலி வந்துடும்."

செவ்வாய்க்கிழமை பெஞ்சில் ஊசி விழ இடமில்லை. மாமியார் முனகிய முனகலில் அதிகாரியே எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அப்போதுதான் தையற்காரி வாசலில் வந்து நின்றாள். சர்க்கரை நோய்க்காரி, கால்விரல் புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருபவள். கூட்டத்தைப் பார்த்தாள். ஊசியக்காவும் அவளைப் பார்த்தாள். கூப்பிட வாயெடுப்பதற்குள் அதிகாரி பதிவேட்டைக் கேட்டார். நிமிர்ந்தபோது வாசல் காலி. நாளைக்கு வந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தையற்காரி மறுநாள் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை, நிதி தொடரும் என்று செய்தி வந்தது. டாக்டர் வாங்கிவந்த இனிப்பை ஊசியக்கா மேசையிலேயே வைத்துவிட்டாள். கட்டுத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு தையற்காரி வீட்டுக்கு நடந்தாள்.

தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாயில் காய்ச்சலோடு கிடந்தாள் அவள். கட்டைப் பிரித்தால் விரல் கறுத்திருந்தது.

"ஏன் வரல?"

"வந்தேனே அக்கா. ஒரே கூட்டம். ஒரு பெரியம்மா நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு துடிச்சாங்க. நம்ம புண்ணு என்ன பெருசுன்னு திரும்பிட்டேன். அன்னைக்கே காய்ச்சல் வந்துடுச்சு." பிறகு கேட்டாள்: "அந்தம்மா பொழச்சிட்டாங்களா?"

ஊசியக்கா பஞ்சைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"அது என் மாமியார். அவங்களுக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு இருந்ததுல பாதிப் பேருக்கு ஒண்ணுமில்ல. ஆள் கணக்கு காட்டக் கூட்டிட்டு வந்தோம்."

தையற்காரி காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் நடிச்சாங்க," என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆட்டோ வரும்வரை ஊசியக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள். கட்டு மாற்றாத காரணம் என்ற இடத்தில், 'நோயாளி வரவில்லை' என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அதை அடித்தாள். 'வந்தார். நாங்கள் பார்க்கவில்லை' என்று எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள்.