டீ சாம்பிள் டப்பாவும் நாயின் வலிப்பும்

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் என் மனைவி அப்புறப்படுத்திவிட்டாள். குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான், இதற்கெல்லாம் அசருவேனா? ஊட்டிக் கடைகளில் கட்டி கட்டியாக வெட்டித் தரும் கறுப்பு சாக்லேட்டை வாங்கிப் பழைய டீ சாம்பிள் டப்பாவில் ஒளித்து வைத்தேன். அவள் கோயமுத்தூர்க்காரி, காபியைத் தவிர வேறெதையும் குடிக்கமாட்டாள். டீ டப்பா பக்கமே போகமாட்டாள். ஒரே சாட்சி எங்கள் நாய். அதற்கும் தினம் நகத்தளவு லஞ்சம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை டப்பாவைச் சரியாக மூடாமல் நடக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அது கட்டிலடியில் காலியாகக் கிடக்கிறது. கால் கிலோ! டப்பாவை மறைப்பதில் இருந்த அவசரத்தில் நாயை நான் கவனிக்கவே இல்லை. மத்தியானம் சமையலறை வாசலில் அது சாய்ந்து விழுந்தது. கால்கள் நாலும் வெட்டி வெட்டி இழுத்தன, வாயில் நுரை தள்ளியது. ஒரு நிமிஷம்தான் இருக்கும். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு இருவரும் ஊட்டிக்கு ஓடினோம்.

ஊட்டியில் கால்நடை டாக்டரம்மா விசாரித்தார்.

"இதுதான் முதல் தடவைங்களா? எலி மருந்து, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து, ஏதாச்சும் தின்னுச்சா?"

"நான் போடற சோத்தத் தவிர வேற எதையும் தொடாதுங்க," என்றாள் என் மனைவி, பெருமையாக.

"அப்ப ரத்தம் பாத்துட்டு, கோயமுத்தூர் கொண்டுபோய் மூளைய ஸ்கேன் பண்ணிரலாங்க. மயக்கம் குடுத்துத்தான் எடுப்பாங்க. ஒம்பது வயசாயிருச்சு, கொஞ்சம் ஆபத்துதான். நீங்கதான் முடிவு சொல்லோணும்."

"எடுத்துரலாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடப்பாவி, வாயைத் திற என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். நாய் என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"டாக்டர்... அது கால் கிலோ சாக்லேட் தின்னுருச்சுங்க."

"ஏனுங்க, நம்ம ஊட்ல ஏதுங்க சாக்லேட்டு?" என்றாள் மனைவி.

நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தேன்.

"நாய்க்கு அது விஷமுங்க! வந்ததும் சொல்றதில்லீங்களா?" என்று டாக்டரம்மா ஸ்கேன் என்று எழுதியதை அடித்தார். ரத்தப் பரிசோதனை மட்டும் போதும், மறுபடி வலிப்பு வந்தால் ஸ்கேன் பற்றி யோசிக்கலாம் என்றார். இரண்டு நாள் அங்கேயே வைத்து சலைன் ஏற்றினார்கள். ரிசல்ட்டில் ஒரு குறையும் இல்லை.

நாயோடு வீடு திரும்பும்போது, வழியில் கேத்தி ஊரைத் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள்.

"அது வாயில்லா ஜீவன், சொல்லத் தெரியாது. உங்களுக்கு வாய் இருந்துச்சில்லீங்க?"

மறுநாள் என்னையும் லேபில் உட்கார வைத்தாள். ஊசியோடு வந்த பெண், கடைசியாக என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன்.